வாரநாள் இரவுக்கு ஒரு வாணலிச் சாண்ட்விச்: ஸ்லாப்பி ஜோ செய்யும் முழு முறை

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில், வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பி ஏழு மணிக்குள் பிள்ளைகளுக்குச் சோறிட வேண்டிய வீடுகளில், அடுப்பில் ஏறுவது பல நாள்களில் ஒரே ஒரு வாணலிதான். கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி கெட்சப் எல்லாம் அதிலேயே வெந்து, வட்டமான பன்னுக்குள் அள்ளி வைக்கப்பட்டுத் தட்டுக்கு வரும். ஸ்லாப்பி ஜோ என்பது அதன் பெயர். கடிக்கும்போது ஓரங்களில் வழிந்து கையெல்லாம் சிந்தும் என்பதை ‘ஸ்லாப்பி’ (அலங்கோலமான) என்ற அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஜோ யார் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை இருக்கிறது. அயோவா மாநிலத்தில் 1920களில் பரவிய உதிரி இறைச்சிச் சாண்ட்விச்சுக்குத் தக்காளி சேர்ந்து பிறந்ததே இது என்ற கதைதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1969இல் ஹண்ட்ஸ் நிறுவனம் இதற்கான சாஸை ‘மேன்விச்’ என்ற பெயரில் டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. அந்த டப்பா இல்லாமலே, வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக இதைச் செய்துவருவதில் எனக்குப் புரிந்தது, இந்தச் சாண்ட்விச்சின் சுவையும் சொதப்பலும் நீரைப் பொறுத்தவை என்பதுதான். முதலில் இறைச்சியிலிருந்து நீர் போக வேண்டும், அப்போதுதான் அது வறுபடும். வறுபட்ட பிறகு நாம் அளந்து ஊற்றும் நீர் திரும்பி வர வேண்டும், அப்போதுதான் சாஸ் இறைச்சியைப் பற்றிக்கொள்ளும். கடைசியில் அந்த நீர் பன்னுக்குள் இறங்காமல் காக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான்.

இறைச்சியைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்கக் கடைகளில் கொத்துக்கறிப் பொட்டலத்தின் மேல் 80/20, 85/15, 90/10, 93/7 என்று எழுதியிருக்கும். முதல் எண் சதைப்பற்று, இரண்டாவது கொழுப்பு. சட்டப்படி கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தச் சாண்ட்விச்சுக்கு 85/15 வாங்குங்கள். 80/20 எடுத்தால் வாணலியில் கொழுப்பு குளமாகத் தேங்கும், அதை வடிக்கும் வேலை கூடும். 93/7 வறுக்கும்போதே மணல்போல் உலர்ந்துவிடும். தோள்பட்டைப் பகுதியான சக் இறைச்சியில் கொத்தியது கிடைத்தால் இன்னும் நல்லது, மாட்டிறைச்சிக்கே உரிய ஆழமான சுவை அதில் அதிகம்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்களில் மாட்டிறைச்சி என்று விற்பனையாவதில் எருமை இறைச்சியும் நிறைய உண்டு. அதில் கொழுப்பு குறைவு. அப்படியானால் வறுக்கும்போது எண்ணெயை இரண்டு மேசைக்கரண்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். கசாப்புக் கடையில் கைமா இயந்திரத்தில் ஒரு முறை மட்டும் அரைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு முறை அரைத்தால் விழுதாகிவிடும், பிறகு உதிரவே உதிராது.

பொட்டலத்தைப் பிரித்ததும் வெளிப்பக்கம் சிவப்பாகவும் உள்பக்கம் சாம்பல் கலந்த ஊதாவாகவும் இருப்பதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று தூக்கி எறிய வேண்டாம். காற்றுப் படாத இடத்தில் இறைச்சியின் நிறம் அப்படித்தான் இருக்கும். புளித்த வாடையும் பிசுபிசுப்பும்தான் கெட்டதன் அடையாளம். வாங்கியதைக் குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு நாள்களுக்கு மேல் வைக்காதீர்கள். உறைந்திருந்தால் முந்தின இரவே உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சமையல் மேடையில் வெளியே வைத்து உருக்க வேண்டாம். கொத்துக்கறியைக் கழுவவும் வேண்டாம். கழுவினால் கிருமிகள் தொட்டியெங்கும் தெறிக்கும். போக்க வேண்டிய நீரை நாமே ஊற்றியதாகவும் ஆகும்.

தேவையான பொருள்கள் (4 பெரிய பன்களுக்கு)

- மாட்டிறைச்சிக் கொத்துக்கறி – 450 கிராம்
- சமையல் சோடா – கால் தேக்கரண்டி
- எண்ணெய் – 2 தேக்கரண்டி
- பெரிய வெங்காயம் – 1
- பச்சைக் குடைமிளகாய் – பாதி
- பூண்டு – 2 பல்
- தக்காளி விழுது – 1 மேசைக்கரண்டி
- தக்காளி கெட்சப் – அரை கப் (120 மி.லி.)
- வூஸ்டர் சாஸ் – 1 மேசைக்கரண்டி
- மஞ்சள் கடுகு சாஸ் – 2 தேக்கரண்டி
- வினிகர் – 2 தேக்கரண்டி
- பழுப்புச் சர்க்கரை – 1 தேக்கரண்டி
- மிளகாய்த்தூள் – கால் தேக்கரண்டி, சீரகத்தூள் – ஒரு சிட்டிகை
- தண்ணீர் – முக்கால் கப் (180 மி.லி.)
- உப்பு, மிளகுத்தூள்
- பர்கர் பன் – 4, தடவ வெண்ணெய்
- வட்டமாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய்

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் சில்லி பவுடர் என்பது நம் மிளகாய்த்தூள் அல்ல. மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகானோ எல்லாம் கலந்த மென்மையான கலவை அது. அந்தக் குறிப்பில் இரண்டு தேக்கரண்டி என்று இருப்பதைப் பார்த்து நம் தூளை அதே அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதனால்தான் மேலே தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

வூஸ்டர் சாஸைப் பெயரைப் பார்த்து அந்நியமாக நினைக்க வேண்டாம். அதற்குள் இருப்பவை வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி, புளி, வெங்காயம், பூண்டு. புளியும் நெத்திலியும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் கடுகு சாஸின் பளிச்சென்ற நிறமும் மஞ்சள்தூளால் வருவதுதான். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது இனித்த தக்காளிக் கறி மட்டுமே.

இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் சேர்த்தால் என்ன என்று கை துறுதுறுக்கும். சேர்க்கலாம், அது மும்பையின் கீமா பாவ் பக்கம் போய்விடும். அதுவும் அருமையான உணவுதான். ஆனால் இந்தச் சாண்ட்விச்சின் அழகு இனிப்பும் புளிப்பும் வறுத்த இறைச்சியின் மணமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதில் இருக்கிறது. முதல் முறையாவது அதை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள்.

படி 1: சோடா நீர்

கால் தேக்கரண்டி சோடாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொத்துக்கறியின்மேல் பரவலாகத் தெளித்து, விரல்களால் இலேசாகக் கலந்து பதினைந்து நிமிடம் வையுங்கள். பிசைய வேண்டாம். நீரைப் போக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நீரைத் தெளிக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். இதில் முக்கியம் சோடா. அதன் காரத்தன்மையால் இறைச்சியின் புரதங்கள் சூட்டில் இறுகிச் சுருங்குவது குறைகிறது. சுருங்கினால்தான் சாறு பிழிந்து வெளியே வரும். சாறு உள்ளேயே தங்கினால் வாணலி உலர்ந்திருக்கும், கறி சீக்கிரம் பழுப்பாகும். அளவைக் கூட்டிவிடாதீர்கள், சோப்புச் சுவை வந்துவிடும்.

இந்தக் காத்திருப்பு வீணாவதில்லை. வெங்காயத்தையும் குடைமிளகாயையும் பொடியாக, பயறளவுக்கு நறுக்குங்கள். பூண்டைத் தட்டுங்கள். கெட்சப், வூஸ்டர் சாஸ், கடுகு சாஸ், சர்க்கரை, மிளகாய்த்தூள், சீரகத்தூள், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலக்கி வையுங்கள். வினிகர் மட்டும் கடைசிக்கு.

படி 2: வறுத்தல்

சமையல் முழுவதிலும் அவசரப்படக் கூடாத இடம் இது. வாணலி அகலமாக இருக்கட்டும், குறைந்தது 30 சென்டிமீட்டர். இரும்பு வாணலி இருந்தால் அதையே எடுங்கள். அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர்ந்த இறைச்சியைப் போட்டாலும் சட்டென்று ஆறிவிடாது.

எண்ணெய் ஊற்றி, மிதமான தீக்கும் அதிகத் தீக்கும் நடுவில் வைத்து, எண்ணெய் நெளிந்து பளபளக்கும்வரை காத்திருங்கள். கொத்துக்கறியை உதிர்த்துப் போடாமல், இரண்டு பெரிய அடைகளாகத் தட்டி வாணலியில் வைத்து அழுத்துங்கள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். நான்கைந்து நிமிடம் தொடவே கூடாது.

போட்டதுமே கிளறத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது, நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். கிளறும்போது ஒவ்வொரு துண்டிலிருந்தும் சாறு கசிந்து வாணலியில் தேங்கும். நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி பழுப்பாகி மணம் வீச 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே கறி தன் சாற்றிலேயே அவிந்து சாம்பல் நிறமாகிக் கிடக்கும். அடையாகத் தட்டிப் போட்டால் அடிப்பக்கம் நன்றாக வறுபடுகிறது, உள்பக்கம் ஈரத்தோடு இருக்கிறது. இரண்டும் நமக்கு வேண்டும்.

அடிப்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும், அடையைக் கால்பாகங்களாக வெட்டித் திருப்பிப் போடுங்கள். இன்னும் இரண்டு நிமிடம். இப்போது மரக்கரண்டியால் உடைத்து, பட்டாணியளவுக்கு உதிர்த்துவிடுங்கள். சிவப்பு மறையும்வரை கிளறி, அரை தேக்கரண்டி உப்பும் மிளகுத்தூளும் சேருங்கள். உப்பை முன்பே போட்டுப் பிசைந்தால் இறைச்சி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு ரப்பர்போல் இறுகும், அதனால்தான் இவ்வளவு நேரம் போடச் சொல்லவில்லை.

சிவப்பு மறைந்ததை மட்டும் வைத்து வெந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது மேற்புறம் உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1993இல் சரியாக வேகாத கொத்துக்கறியிலிருந்த ஈ.கோலி கிருமியால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே அந்த வகைக் கிருமி இருக்கும் கொத்துக்கறியை விற்கக் கூடாது என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. கொத்துக்கறி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் சாண்ட்விச்சில் கறி கொதிக்கும் சாஸில் கால்மணி நேரம் இருக்கப்போகிறது, அது போதும். வெறுமனே வறுத்துச் சாப்பிடும் உணவுகளில்தான் வெப்பமானி தேவைப்படும்.

படி 3: கொழுப்பை வடித்து, வெங்காயம் வதக்கல்

கறியை ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். வாணலியில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு மட்டும் இருக்கட்டும், மிச்சத்தைக் காலி டப்பாவில் ஊற்றுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அதே வாணலியில் வெங்காயமும் குடைமிளகாயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் விடும் நீரில் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு இளகும். அதைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கலந்துவிடுங்கள். படி 2இல் பொறுமையாகக் காத்திருந்ததன் பலன் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. பூண்டு சேர்த்து அரை நிமிடம். தக்காளி விழுதைப் போட்டு, பச்சை வாடை போய்ச் செங்கல் நிறம் வந்து எண்ணெய் பிரியும்வரை ஒரு நிமிடம் வதக்குங்கள்.

படி 4: நீர் திரும்புகிறது

கறியை வாணலியில் சேர்த்து, கிண்ணத்துச் சாஸை ஊற்றிக் கலக்குங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஊற்றியபோது குழம்பாகத் தெரிந்தது மெல்ல மெல்லக் கறியைப் பற்றிக்கொள்ளும்.

பதம் பார்க்க ஒரு வழி. கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். சாஸ் உடனே ஓடி வந்து மூடினால் இன்னும் நேரம் வேண்டும். கோடு ஓரிரு நொடி நின்று மெல்ல மூடினால் பதம் வந்துவிட்டது. மூடவே இல்லை, ஓரத்தில் கொழுப்பு பிரிந்து நிற்கிறது என்றால் வற்றிவிட்டது, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். அடுப்பை அணைத்த பிறகும் கறி கொஞ்சம் நீரை உறிஞ்சும். ஆகவே நீங்கள் நினைக்கும் பதத்துக்குச் சற்று முன்பே அணைப்பது நல்லது.

கடைசியாக வினிகர். ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்கி ருசி பாருங்கள். இனிப்பு முன்னால் நின்றால் மீதியையும் விடுங்கள். கெட்சப்பிலேயே சர்க்கரையும் வினிகரும் உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். ஆகவே இந்த இடத்தில் என் அளவைவிட உங்கள் நாக்கை நம்புங்கள்.

படி 5: பன்

சாஸ் கொதித்துக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிடலாம். பன்னை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் அந்தப் பக்கம் கீழாக வைத்து மிதமான தீயில் பொன்னிறமாக்குங்கள். இரண்டு நிமிடம் ஆகும். இதைத் தவிர்த்துவிட்டால் மூன்றாவது கடியில் அடிப்பன் கரைந்து கையோடு வந்துவிடும். வறுபட்ட மேற்பரப்பும் அதில் ஊறிய வெண்ணெயும்தான் சாஸைத் தடுத்து நிறுத்துகின்றன.

மென்மையான, ஆனால் மெத்தென்று உடைந்துவிடாத பன் வேண்டும். உருளைக்கிழங்கு சேர்த்துச் செய்த பன் கிடைத்தால் மிகவும் பொருந்தும். மும்பையின் பாவ் ரொட்டியும் நன்றாக இருக்கும், இரண்டிரண்டாகக் கொடுங்கள். பழத்துண்டு போட்ட இனிப்புப் பன் ஒத்துவராது.

அடிப்பன்னின்மேல் வெள்ளரி ஊறுகாய் வட்டங்களை அடுக்கி, அதன்மேல் கறியை ஒரு பெரிய கரண்டி அள்ளி வைத்து, மேல்பன்னால் இலேசாக அழுத்துங்கள். சீஸ் வேண்டுமென்றால் கறிக்கு மேலே. உடனே பரிமாற வேண்டும். முன்கூட்டிக் கட்டி வைக்கும் சாண்ட்விச் அல்ல இது. வீட்டில் ஒருவர் தாமதமாக வருவார் என்றால் அவர் பங்குக் கறியை வாணலியிலேயே விட்டு, வந்ததும் பன்னைச் சூடாக்கிக் கொடுங்கள்.

கூடவே வேகவைத்த சோளமோ, முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி வினிகரில் பிரட்டிய கோல்ஸ்லாவோ, உருளைக்கிழங்கு சிப்ஸோ போதும்.

மிச்சம்

எனக்கு இது மறுநாள் இன்னும் பிடிக்கும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். உறைபெட்டியில் மூன்று மாதம். பாதி வேலையை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட நினைப்பவர்கள் அளவை இரட்டிப்பாக்கிச் செய்து, ஒரு பாதியைத் தட்டையான பைகளில் உறைய வைக்கலாம். இரட்டிப்பாகச் செய்யும்போது கறியை இரண்டு தவணையாக வறுங்கள். ஒரே வாணலியில் 900 கிராமைக் கொட்டினால் நீர் தேங்கி, மேலே சொன்ன அத்தனையும் பாழாகும். மறுபடி சூடாக்கும்போது சிறிது தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து அதற்குள் வைத்தும் சாப்பிடலாம்.

தக்காளி இல்லாத மூத்தது

அயோவாவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் மஸ்கட்டீன் என்ற ஊர் இருக்கிறது. 1926இல் ஃப்ரெட் ஏஞ்சல் என்ற கசாப்புக் கடைக்காரர் அங்கே கொத்துக்கறியை மசாலாவோடு உதிரியாக வேகவைத்துப் பன்னில் வைத்து விற்கத் தொடங்கினார். மெய்ட்-ரைட் என்ற பெயரில் அந்தக் கடை மாநிலமெங்கும் கிளை விட்டது. அதே மாநிலத்தின் மறுகோடியிலுள்ள சூ சிட்டியில் இதையே டாவர்ன் என்கிறார்கள். சாஸ் கிடையாது, உருண்டையோ அடையோ தட்டுவதில்லை. வெறும் உதிரிக் கறி.

இதன் முறை மேலே சொன்னதற்கு நேர் எதிர். இங்கே வறுக்கக் கூடாது. 450 கிராம் கொத்துக்கறியை அடுப்பில் வைக்காத வாணலியில் போட்டு, ஒன்றரை கப் குளிர்ந்த தண்ணீரோ இறைச்சிச் சாறோ ஊற்றி, கட்டியே இல்லாதபடி மரக்கரண்டியால் மசித்துக் கரையுங்கள். குளிர்நீரில் கரைப்பதால்தான் கறி ரவைபோல் உதிரும். சூடானபின் உடைக்க முயன்றால் அந்தப் பதம் வராது. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயங்கள் நான்கைந்து, உப்பு, மிளகு, ஒரு தேக்கரண்டி கடுகு சாஸ் சேர்த்து, தீயை மூட்டி, மூடாமல் அரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்க விடுங்கள். நீர் ஏறக்குறைய வற்றி, கறி மட்டும் ஈரத்தோடு மினுங்க வேண்டும்.

பன்னையும் இங்கே வெண்ணெயில் வறுக்க வேண்டாம். இட்லித் தட்டின்மேல் வைத்து அரை நிமிடம் ஆவி காட்டினால் போதும், வழியச் சாஸ் இல்லாததால் மென்மையே இதற்கு அழகு. கடுகு சாஸ், பச்சை வெங்காயம், வெள்ளரி ஊறுகாய் வைத்துக் கறியைக் குவித்துக் கொடுங்கள். பாதி கறி தட்டில் உதிரும். அயோவாக் கடைகளில் சாண்ட்விச்சோடு ஒரு கரண்டியும் சேர்த்துத் தருவது அதற்காகத்தான். நீங்களும் தட்டில் ஒன்றை வைத்துவிடுங்கள்.